தாமரையும் குடுவைச்செடியும் நட ஏற்ற காலம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கும்போது தாமரைக் கிழங்கு கேட்டுப் பலர் எங்கள் செடிக்கடைக்கு வருகிறீர்கள். அக்டோபரில் நடும் கிழங்கு சரிவர வேர்பிடிக்கும் முன்பே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும் என்பதைச் சொல்லாமல் விற்பது முறையன்று. சிங்கப்பூரில் பருவம் என்பது மழையும் வெயிலுந்தான். டிசம்பரில் சராசரியாக 330 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும் மழை, பிப்ரவரியில் ஏறத்தாழ 105 மில்லிமீட்டராகக் குறைகிறது. மேகமூட்டத்தில் இலை விடவே திணறும் தாமரையிடம் பூவை எதிர்பார்ப்பது வீண். ஆகவே மார்ச் இறுதியில் நடுங்கள். தீபாவளிக்குள் செடி நன்கு நிலைபெற்றிருக்கும்.

தொட்டி 60 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும், மண் களிமண்ணாக இருக்கட்டும். தொடக்கத்தில் நாங்களே தேங்காய் நார்த்தூள் கலந்த பைமண்ணைக் கொட்டி, மறுநாள் காலையில் கிழங்கு உட்பட அனைத்தும் மிதக்க, தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் நின்றதைக் கண்டவர்கள். கிழங்கைப் படுக்கையாக வைத்து, அதன் கூர்முனையை மண்ணுக்கு மேலே விடுங்கள்; அம்முனை ஒடிந்தால் கிழங்கு பெரும்பாலும் அழுகிவிடும். முதலில் ஒரு சாண் நீர்கூட வேண்டாம், அரைச் சாண் போதும்.

இம்மண்ணுக்கே உரிய செடி வேண்டுமென்பவர்களுக்கு, குடுவை போன்ற இலைகளில் பூச்சிகளைப் பிடித்து உண்ணும் குடுவைச்செடியைப் பரிந்துரைக்கிறோம். சிங்கப்பூரில் இயல்பாக வளரும் மூன்று இனங்களில், நெபந்தஸ் ஆம்புல்லேரியா சற்று நிழலையும் தாங்குவதால் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்துக்கு ஏற்றது. அதன் தடித்த குடுவைகள் தரையில் கொத்தாக அமர்ந்து, பூச்சிகளோடு உதிரும் சருகுகளையும் ஏந்திச் சத்தாக்கிக்கொள்கின்றன. சத்தற்ற மண்ணில் பழகிய செடி என்பதால் உரம் இடவே கூடாது; மழைநீரைப் பிடித்து ஊற்றினால் அதற்கு மிகவும் நல்லது. பியாய் ராயா என்னும் சதுப்புநிலப் பெரணி அழகுதான், ஆனால் ஆளுயரத்துக்கு மேல் வளர்வது; சிறு தொட்டிக்குக் கேட்டால் தரமாட்டோம்.

கொசு குறித்துக் கட்டாயம் சொல்லவேண்டும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரத்திலேயே முட்டையிலிருந்து முழுக்கொசுவாகிவிடும். தாமரைத் தொட்டியில் சிறுமீன்களை விடுங்கள். குழாய்நீரில் குளோராமின் என்னும் கிருமிநாசினி இருப்பதாலும், ஓரிரவு திறந்து வைத்தால் அது நீங்கிவிடாது என்பதாலும், அதை நீக்கும் மருந்திட்டு நீரைப் பதப்படுத்திய பிறகே மீனை விடவும். குடுவைச்செடியின் அடித்தட்டில் நீரைத் தேங்கவிடாமல், பருமணலை நிரப்பி அதை ஈரமாக வைத்திருந்தால் போதும்.

கழித்த செடிகளைக் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ போடாதீர்கள். எங்களிடம் கொண்டுவந்தால் பெற்றுக்கொள்வோம். தாமரைக் கிழங்குக்கு முன்பதிவு செய்பவர்கள், உங்கள் வீட்டில் நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் நேர்வெயில் விழுகிறது என்பதையும் குறித்து அனுப்பவும். ஆறு மணிநேரத்துக்குக் குறைந்தால் வேறு செடி சொல்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் செடிக்கடையினர்