எதுவும் கலக்காது என்று சொல்லி விற்ற ஆர்.ஓ. மெஷினில் செம்பு: புகார்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் கால் சென்டருக்கு இதுவரை ஆறு முறை பேசிவிட்டேன். ஆறு முறையும் "உங்க டி.டி.எஸ். எவ்வளவு சார்?" (தண்ணீரில் கரைந்திருக்கிற பொருள்களின் மொத்த அளவு) என்று கேட்டு, நான் 68 என்றதும் "அது நல்ல தண்ணீர்தான் சார்" என்று சொல்லி, புகாரை மூடி, மூடிவிட்டதாக எஸ்.எம்.எஸ். அனுப்பி, அதற்கு ஐந்து ஸ்டாரும் கேட்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், முழுவதும் படிக்கப் பொறுமை உள்ள ஒருவரிடம் கொடுங்கள்.

உங்கள் மெஷினில் வருகிற தண்ணீர் குடிக்க ஆகாது என்று நான் சொல்லவே இல்லை. வீட்டில் நாலு பேரும் அதைத்தான் குடித்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாங்கும் முன்பு நான் கேட்டது வேறு கேள்வி. அதற்கு உங்கள் விற்பனை ஆள் எழுத்தில் தந்த பதில் தப்பு. அந்தப் பதிலை நம்பினதால் என் தொட்டி போச்சு.

ஹாலில் மூன்றடி நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன், ஏறத்தாழ 190 லிட்டர். இரண்டரை வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்தது. ஒரு ஜோடி க்ளௌன் மீன், இரண்டு க்ளீனர் இறால், பத்து டர்போ நத்தை, பாறை முழுக்க ஜோயாந்திட், மஷ்ரூம் என்று மென்பவளங்கள். (கல் பவளம் கிடையாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் அது 2001இலேயே சேர்ந்துவிட்டது, யார் எங்கே மலிவாகக் காட்டினாலும் நான் தொடுவதில்லை.)

இந்தத் தொட்டிக்கு இரண்டு வகையில் தண்ணீர் வேண்டும். வாரம் 20 லிட்டர் பழையதை எடுத்துவிட்டு, முக்கால் கிலோ கடல் உப்பு கரைத்த புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது போக, நம் ஊர் வெயிலுக்கும் ஃபேனுக்கும் தினமும் நாலு லிட்டர் ஆவியாகிப் போகும், அதை உப்பில்லாத தண்ணீரால் நிரப்ப வேண்டும். ஆவியாவது வெறும் தண்ணீர் மட்டும். அதில் கரைந்திருந்தது எல்லாம் தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும். மாதம் 200 லிட்டர் ஊற்றினால் 200 லிட்டரில் இருந்த சரக்கும் உள்ளே போகிறது, வெளியே போவது அதில் கொஞ்சம்தான்.

குழாய்த் தண்ணீரை நான் முயலாமல் இல்லை. நான் இருப்பது வேளச்சேரியில். தென்சென்னைப் பக்கம் வருகிற மெட்ரோ வாட்டரில் நெம்மேலி ஆலைத் தண்ணீரும் உண்டு. 2013இல் தொடங்கிய அந்த ஆலை கடல்நீரிலிருந்து தினமும் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. அவர்கள் அத்தனை பாடுபட்டு எடுத்த உப்பை நான் காசு கொடுத்து மறுபடி போடுகிறேன் என்று என் மனைவி சிரிப்பாள், அதுவும் நியாயம்தான். ஆனால் எங்கள் அடுக்ககத்தில் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலந்துவிடும். குழாயில் டி.டி.எஸ். மீட்டர் வைத்தால் ஒரு நாள் 600, ஒரு நாள் 1100. குளோரினை மருந்து போட்டு முறித்துவிடலாம். நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட்டை என்ன செய்வது? முதல் ஆறு மாதம் பாறையெல்லாம் பழுப்புப் பாசி படிந்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துத் தேய்த்து எனக்கு விரல் வலியே வந்தது. அப்புறம் 20 லிட்டர் கேனுக்கு மாறினேன். அது ஒரு வாரம் 30 காட்டும், மறுவாரம் அதே கடை, அதே மூடி, 140 காட்டும். சரி, வீட்டிலேயே நல்ல ஆர்.ஓ. ஒன்றைப் போட்டுவிடலாம், குடிக்கவும் ஆகும், தொட்டிக்கும் ஆகும் என்று நினைத்து ஜனவரியில் உங்களைக் கூப்பிட்டேன்.

உங்கள் ஆள் வந்தார், நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினார். டீபாய் மேல் இரண்டு டம்ளர் வைத்து, நாலு கம்பி உள்ள ஒரு சாதனத்தை உள்ளே விட்டு ஸ்விட்ச் போட்டார். என் குழாய்த் தண்ணீர் சாக்கடை மாதிரி கறுத்தது, அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "பாத்தீங்களா சார், இதைத்தான் குடிக்கிறீங்க" என்றார். கறுத்தது அந்த இரும்புக் கம்பி கரைந்த துரு என்பது எனக்குத் தெரியும், தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி அரிக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த என் தொட்டித் தண்ணீரில் அதை விட்டுப் பாருங்களேன், 35,000 பி.பி.எம்., நிமிஷத்தில் கறுத்துவிடும், ஆனால் அதில்தான் பவளம் வாழ்கிறது என்றேன். சிரித்துவிட்டு பேச்சை மாற்றினார். இந்த வித்தையை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அது வேறு புகார், விடுங்கள்.

அன்று இரவே அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். சொல்லுக்குச் சொல் இதுதான் (மெம்பிரேன் என்பது மெஷினுக்குள் உப்பை வடிகட்டுகிற சவ்வு): "இந்த மாடலில் மெம்பிரேனைத் தாண்டி வருகிற தண்ணீரில் மினரல், காப்பர், வேறு எதுவும் சேர்க்கிறீர்களா? கடல் மீன் தொட்டிக்கு ஊற்ற வேண்டும், எதுவும் கலக்கக் கூடாது." அவர் பதில்: "எதுவும் கலக்காது சார், 100% ப்யூர், மீனுக்கும் ஓகே." கூடவே கட்டைவிரல் படம். ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.

மாட்டின அன்றே மீட்டரில் 68 வந்தது. குழாயில் 900 இருந்தது, மெம்பிரேன் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பிடிக்கும், அதனால் 68 பெரிய அதிசயம் இல்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இங்கே என் பக்கத் தப்பையும் எழுதிவிடுகிறேன். முழுத் தூய்மை வேண்டுமென்றால் பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கிற டி.ஐ. ரெசின் ஒன்று வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று தெரிந்தும், கேன் தண்ணீரைவிட மேல்தானே என்று சோம்பலில் விட்டேன். மேல்மூடியைக் கழற்றியும் பார்க்கவில்லை. கழற்றினால் வாரன்டி போய்விடும் என்று நீங்கள்தான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள்.

ஆறாவது வாரம் ஒரு இறால் செத்தது. தோலுரிக்கும்போது சாவது உண்டு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நாலு நாளில் இரண்டாவதும் போச்சு. அடுத்த வாரம் நத்தைகள் கண்ணாடியில் பிடிக்க முடியாமல் ஒவ்வொன்றாக மணலில் விழுந்து கிடந்தன, நிமிர்த்தி வைத்தாலும் நகரவில்லை. ஜோயாந்திட்டுகள் விரியவே இல்லை. காலையில் விளக்கு எரிந்தால் பூத்தட்டு மாதிரி விரிகிற கூட்டம் அது, மூடின மொட்டாகவே இருந்து கரைய ஆரம்பித்தது. உப்பு 35, அமோனியா பூஜ்யம், வெப்பம் 26, எல்லாம் சரி. மீன்கள் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல் தீனிக்கு ஓடிவந்தன. மீனுக்கு ஒன்றும் ஆகாமல் முதுகெலும்பில்லாதவை மட்டும் சாகிறது என்றால் செம்பைச் சந்தேகப்படு என்பது இந்தப் பொழுதுபோக்கில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். எனக்கு உறைக்கப் பத்து நாள் ஆனது, "எதுவும் கலக்காது" என்ற அந்த மெசேஜ் கண்ணை மறைத்துவிட்டது.

செம்பு சோதிக்கும் கிட் வாங்கினேன். தொட்டியில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம். உங்கள் மெஷினில் ராத்திரி முழுக்கத் தேங்கின தண்ணீரை விடியற்காலையில் பிடித்தால் 0.4. அதே சம்ப் தண்ணீர், குழாயில் பிடித்தால் பூஜ்யம். அப்புறம் ஸ்டிக்கராவது ஒன்றாவது என்று மூடியைக் கழற்றினேன். மெம்பிரேனுக்கு அடுத்து ஒரு காப்பர் கார்ட்ரிட்ஜ். அதற்கு முன்னால் திருகு வைத்த ஒரு வால்வு. டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று நீங்கள் சொல்கிற அது, மெம்பிரேனுக்குள் போகாத தண்ணீரில் ஒரு பங்கைச் சுற்றுவழியில் கொண்டுவந்து ருசிக்காகக் கலக்கிறது. எதுவும் கலக்காது என்றார், இரண்டு கலக்கிறது.

கால் சென்டரில் கடைசியாகப் பேசிய மேலாளர் "செம்பு உடம்புக்கு நல்லது சார், அந்தக் காலத்துல செம்புக் குடத்துலதான குடிச்சாங்க" என்றார். எங்கள் ஆத்தாவும் செம்புக் குடத்தில்தான் வைத்துக் குடித்தார், புளி போட்டு விளக்குவது என் வேலை. அந்தத் தண்ணீரை அவர் யாரையும் இறாலுக்கு ஊற்றச் சொல்லவில்லை. ஐ.எஸ். 10500 தரப்படி குடிநீரில் செம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடல் மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் மருந்தாகச் செம்பு போடுவோம், அதன் அளவே 0.2 பக்கம்தான். அதையும் இறாலும் பவளமும் இல்லாத தனித் தொட்டியில்தான் போடுவோம், ஏனென்றால் அந்த அளவில் அவை தாங்காது. உங்கள் மெஷின் தருவது குடிநீர்த் தரத்தின் மேல் வரம்புக்கு வெகு கீழே, இறால் தாங்குகிற அளவுக்கு வெகு மேலே. இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான், நமக்கு இரும்பு போல. அதற்காக யாரும் ஆணியைக் கரைத்துக் குடிப்பதில்லை.

டி.டி.எஸ். 68 என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்களே, அந்த மீட்டர் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. அதில் உப்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. 0.4 செம்பு அந்த 68இல் எந்த மூலைக்கு?

இன்னொன்று, செம்பு பாறையிலும் மணலிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் மெல்ல மெல்லக் கசியும். உறிஞ்சுகிற ரெசின் போட்டு, கரி மாற்றி, இப்போது 0.05க்கு இறக்கியிருக்கிறேன். ஆனாலும் இந்தப் பாறையை நம்பி மறுபடி இறால் விட எனக்குத் துணிச்சல் இல்லை. தொட்டிக்கென்று தனியாக டி.ஐ. ரெசின் வைத்த ஆர்.ஓ. வாங்கிவிட்டேன், அது பூஜ்யம் காட்டுகிறது.

மீன் தொட்டிக்குப் பயன்படுத்துவது வாரன்டியில் வராது என்று கையேட்டின் 14ஆம் பக்கத்தைக் காட்டினீர்கள். கையேடு பெட்டிக்குள் இருந்தது, பெட்டி பணம் கட்டின பிறகு வந்தது. நான் கேட்டது பணம் கட்டுவதற்கு முன்பு, பதில் தந்தது உங்கள் ஆள். வாரன்டி எனக்கு வேண்டாம், மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. தப்பாகச் சொல்லி விற்றதற்குத்தான் பதில் கேட்கிறேன்.

மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் தாருங்கள். இறந்த இறால், நத்தை, பவளத்துக்கான பில்களும் இணைப்பில் உள்ளன, அதையும் சேருங்கள். இரண்டரை வருட உழைப்புக்கு நான் விலை போடவில்லை. இந்த மாடலில் காப்பரும் சுற்றுவழி வால்வும் இருக்கிறது என்பதை விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள், இப்போது அது "செறிவூட்டும் தொழில்நுட்பம்" என்ற பூச்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அந்தப் பையனை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

பதினைந்து நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். மெஷினை எடுக்க ஆள் அனுப்புவதானால் மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்புங்கள், பகலில் வீட்டில் யாரும் இல்லை. அந்தக் கம்பிச் சாதனத்தைக் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாடிக்கையாளர்