புனிதச் சுனையை மருந்துக்கடை ஆக்காதீர்கள்: டன்ஜன் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டிஎம்களுக்கு,

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதை ஆட்டத்தில் கதையை நடத்துகிற டன்ஜன் மாஸ்டர்கள் (சுருக்கமாக டிஎம்) நீங்கள். உங்கள் குறிப்புகளை மறைக்கும் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து டைஸ் உருட்டுகிற ஒருவன் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் கேம்பெய்னில், அதாவது வாரக்கணக்கில் தொடரும் எங்கள் கதையில், ஒரு சுனை வந்தது. மூன்று வாரமாகக் காடு மேடெல்லாம் அலைந்து தேடிய புனிதச் சுனை. எங்கள் டிஎம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பாசி படிந்த கல், நீருக்கடியில் நீல வெளிச்சம், ஒரு பறவைகூடக் கத்தாத அமைதி என்று ஐந்து நிமிடம் வர்ணித்தார். சிப்ஸ் பாக்கெட்டைத் தொடக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. அப்புறம் எங்கள் குழுவின் பூசாரியான கிளெரிக் கேட்டான்: "குடித்தால் என்ன ஆகும்?"

"ஹிட் பாயின்ட் முழுக்கத் திரும்பிவிடும்." அடிபட்டால் குறைகிற உயிர்க் கணக்குதான் ஹிட் பாயின்ட்.

அவ்வளவுதான். எங்கள் குழுவின் திருடனான ரோக் ஏழு காலிக் குப்பிகளை எடுத்து, ஒவ்வொன்றாக முக்கி நிரப்பிக்கொண்டான். இரண்டே நிமிடத்தில் அடுத்த குகை வாசலில் நின்றோம்.

ரோக்கை நான் குறை சொல்லமாட்டேன். கணக்குப் பாருங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் 8 மணி நேரம் லாங் ரெஸ்ட் எடுத்தாலே இழந்த ஹிட் பாயின்ட் எல்லாம் திரும்பிவிடும். காயம் ஆற்றும் சாதாரண ஹீலிங் போஷன் விலை 50 பொற்காசு. நான்கு முக டைஸ் இரண்டை உருட்டி 2 கூட்டினால் வருகிற அளவு ஹிட் பாயின்ட் திரும்பும். ஆக, போர்வையை விரித்துப் படுத்தால் கிடைப்பதைத்தான் உங்கள் தெய்வம் மலையுச்சியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. யார் மதிப்பார்கள்?

நிஜச் சுனைகள் இப்படி இருந்ததில்லை. இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 46 டிகிரி சூட்டில், நாளொன்றுக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல் இன்றும் பொங்கி வருகிறது. சூலிஸ் என்ற உள்ளூர்த் தெய்வத்தின் இடம் அது. ரோமர்கள் வந்து அவளைத் தங்கள் மினெர்வாவோடு சேர்த்து, சூலிஸ் மினெர்வா என்று கும்பிட்டார்கள். ஊற்றுக்குள்ளிருந்து 12,000-க்கும் மேற்பட்ட ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அதைவிட எனக்குப் பிடித்தது, கூடவே கிடைத்த சுமார் 130 ஈயத் தகடுகள். எல்லாம் சாபம். அதுவும் பெரும்பாலும் திருட்டு கொடுத்தவர்கள் அம்மனிடம் போட்ட புகார்.

டோசிமெடிஸ் என்று ஒருவர். கையுறை இரண்டு காணாமல் போய்விட்டது. எடுத்தவனுக்குப் புத்தியும் போகட்டும், கண்ணும் போகட்டும், அதுவும் உன் கோயிலிலேயே நடக்கட்டும் என்று கேட்கிறார். ஒரு ஜோடி கையுறைக்கு! ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவரோ என்று ஒருவரும் தப்பிவிடாதபடி வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதிய தகடுகளும் உண்டு. சிலவற்றில் சந்தேகப்படும் ஆட்களின் பெயர்ப்பட்டியலே இருக்கும். சிலவற்றில் எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதியிருப்பார்கள். எழுதி, மடித்து, நீரில் எறிந்துவிட்டால் இனி அவள் பாடு.

இப்போது அந்த நீல வெளிச்சத்துக்குத் திரும்புவோம். ரோக் மூன்றாவது குப்பியை முக்கும்போது விரலில் ஏதோ இடறுகிறது. மடித்த ஈயத் தகடு. பிரிக்கிறான். எழுத்து திரும்பியிருக்கிறது. கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தால், அவனுடைய பெயர். போன ஊரில் அவன் லவட்டிக்கொண்டு வந்த அங்கிக்காக யாரோ போட்டது. உங்களுக்கு அடுத்த நான்கு வார ஆட்டம் அங்கேயே தயார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் கிரேக்கத்தின் லெபடேயாவில் ட்ரோஃபோனியஸ் என்ற தெய்வப் புருஷனிடம் குறி கேட்கப் போனவர் முதலில் லீதி என்ற மறதி நீரைக் குடிக்க வேண்டியிருந்தது. அதுவரை நினைத்ததெல்லாம் போய்விடும். அடுத்து நெமோசினி என்ற நினைவு நீர்; கீழே பார்க்கப்போவது மறக்காமலிருக்க. அப்புறம் கையில் தேன் பிசைந்த பார்லி அப்பத்தோடு, கால் முன்னே போக, ஒரு சின்னப் பொந்துக்குள் இறங்க வேண்டியிருந்தது. 2ஆம் நூற்றாண்டில் பாசானியாஸ் என்ற பயணி தானே இறங்கிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். மேலே வருகிறவர் பயத்தில் உறைந்துபோயிருப்பாராம். சிரிக்கும் சக்தி பிற்பாடுதான் திரும்புமாம். இதை மேசையில் எப்படி ஆடுவது? சுலபம். ஆட்டக்காரர் கையில் ரப்பரைக் கொடுங்கள். தன் பாத்திரத்தின் விவரங்களை எழுதி வைத்திருக்கும் கேரக்டர் ஷீட்டில் ஏதாவது ஒரு வரியை அவரே அழிக்கட்டும். தங்கையின் பெயரா, ஒரு மந்திரமா, தெரிந்த மொழியா? அவர் முழிப்பதைப் பாருங்கள். 50 பொற்காசு கேட்டால் அந்த முழி வராது.

வீடியோ கேம்காரர்களுக்கு இது புரிந்திருக்கிறது. 2017-இல் வந்த செல்டா கேமில் பெருந்தேவதைகள் ஊற்றைத் திறக்க 100 ரூபீயில் (அந்த ஆட்டத்துக் காசு) தொடங்கி, நான்காவது ஊற்றுக்கு 10,000 வரை கேட்பார்கள். பகல் கொள்ளைதான். இருந்தாலும் கேட்கிறார்கள் இல்லையா?

அதற்காகத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு அழகி எழுந்து மூன்று விடுகதை போட வேண்டாம். ப்ளீஸ். அது அலுத்து ரொம்ப நாளாகிறது.

கடைசியாக, எங்கள் டிஎம்முக்கு மட்டும் ஒரு வார்த்தை. அந்த ரோக்கை ஆடுவது யார் என்று உங்களுக்குத் தெரியும். ஏழு குப்பியில் இரண்டுதான் காலியாகியிருக்கிறது. மீதி ஐந்தும் பையில் பத்திரமாக இருக்கின்றன. சனிக்கிழமை முகாமில் நடுச்சாமக் காவல் என் முறை. தனியாகத்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
ஏழு குப்பிக்காரன்