சேர்ந்து பாடியவர்களைத் தனித்தனியாக நிறுக்காதீர்கள்

ஐரோப்பிய இடைக்கால வாழ்க்கையை நடித்துப் பார்க்கும் முகாமில் பாணர் போட்டியை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். ஆறு கோடைகளாக உங்கள் முகாமுக்கு வருகிறேன். மூன்று முறை போட்டியில் பாடியிருக்கிறேன். ஒருமுறை நடுவர் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். சென்ற ஆண்டு குழுப் போட்டி முடிந்த இரவிலிருந்து மனத்தில் கிடப்பதை இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முகாமுக்கு வந்திராதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம்: 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு வீட்டுக் கொல்லையில் நடந்த விருந்திலிருந்து வளர்ந்த வழக்கம் இது. 17ஆம் நூற்றாண்டுக்கு முந்திய உலகத்து மனிதர் ஒருவராகத் தம்மைக் கற்பனை செய்துகொண்டு, அந்தக் காலத்து உடுப்பைத் தைத்து உடுத்தி, கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். பகலில் கவசம் அணிந்து பிரம்பு வாளால் போர். இரவில் தீயைச் சுற்றிப் பாட்டும் கதையும். அங்கே பாடுகிறவர்களை 'பார்டு' என்பார்கள், நமக்குப் பாணர். வட்டத்தில் முறை வரும்போது தானே பாடலாம், வேறொருவரைப் பாடச் சொல்லிக் கேட்கலாம், விருப்பமில்லை என்றால் பக்கத்தில் இருப்பவருக்கு விட்டுவிடலாம். யாரையும் வற்புறுத்த மாட்டார்கள். அந்த வட்டத்தின் பண்பு எனக்கு அவ்வளவு பிடிக்கும். குழுப் போட்டியும் அதிலிருந்து பிறந்ததுதானே?

எங்கள் குழுவில் ஐந்து பேர். நாங்கள் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் ரெடிங் மடத்தோடு தொடர்புடைய, 13ஆம் நூற்றாண்டு ஏட்டில் இருக்கும் கோடைப் பாட்டு. குயிலைக் கூவச் சொல்லும் பாட்டு. ஒருவர் தொடங்கிய மெட்டை அடுத்தவர் சற்றுப் பின்னால் தொடங்க, அவரை இன்னொருவர் துரத்த, குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டே போகும். அடியில் இரண்டு குரல்கள் ஒரு சிறு துணுக்கைத் திரும்பத் திரும்பப் பாடித் தாங்கிக்கொண்டிருக்கும். ஏட்டிலேயே அந்தத் துணுக்கின் பெயர் 'பெஸ்', அதாவது பாதம். எப்படிப் பாடுவது என்ற குறிப்பும் அதே பக்கத்தில் லத்தீனில் இருக்கிறது: நான்கு தோழர்கள் பாடலாம், மூவருக்கோ இருவருக்கோ குறையக் கூடாது, பாதம் பாடுகிறவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். 'தோழர்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

மேலே மூவர், பாதத்தில் இருவர் என்று பிரித்துக்கொண்டோம். பாதம் பாடிய இருவரில் ஒருத்தி பதினாறு வயதுப் பெண். நாலு பேர் முன்னால் பாடுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கம்பளி மேலாடையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டு, கண்ணை என் கையை விட்டு எடுக்காமல் நின்றாள். இரண்டாம் சுற்றில் எங்களில் ஒருவர் அரைத் தட்டு முன்னதாக நுழைந்துவிட்டார். மேலே மூன்று குரல்களும் தடுமாறின. அவள் தடுமாறவில்லை. அதே துணுக்கு, அதே நிதானம். அவள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் மூவரும் மீண்டும் தாளத்துக்கு வந்தோம். எதிரே உட்கார்ந்திருந்த கூட்டத்துக்குத் தவறு நடந்ததே தெரிந்திருக்காது.

அவளுக்கு உங்கள் மதிப்பெண் தாள் தந்தது பத்துக்கு மூன்று. 'ஒரே வரியை மட்டும் பாடினார்' என்று பக்கத்தில் குறிப்பு.

அந்த நடுவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தாளில் இருந்த கட்டங்களை அவர் நிரப்பினார். கட்டங்கள்தான் தவறானவை. ஒவ்வொருவருக்கும் குரல், நினைவாற்றல், உடல்மொழி என்று தனித்தனியே மதிப்பெண் போட்டு, கூட்டி, தலைக்கு வகுத்தீர்கள். ஒருவர் பாடும்போது மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கும் கட்டம் ஒன்றுகூட அதில் இல்லை. முதல் பரிசு பெற்ற மூவர் அருமையான பாடகர்கள், நானும் எழுந்து நின்று கைதட்டினேன். ஆனால் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக மூன்று தனிப்பாட்டுகளைப் பாடினார்களே தவிர, ஒரு வரியைக்கூடச் சேர்ந்து பாடவில்லை. இந்தத் தாள் இருக்கும்வரை, வெல்ல நினைக்கும் எந்தக் குழுவும் புதியவரைச் சேர்க்காது. பாதம் பாட ஆள் இருக்காது. தனிப்பாட்டுக்கு வெள்ளிக்கிழமை இரவு வேறு போட்டி இருக்கிறது. இது குழுவுக்கானது.

இடைக்காலத்தில் பாணர்கள் தனித்தே பாடினார்கள் என்று உங்களில் ஒருவர் அன்று சொன்னார். ஹவெல் தா மன்னரின் பெயரால் வழங்கும் வேல்ஸ் சட்டங்களைப் பாருங்கள். அரசர் பாட்டுக் கேட்க விரும்பினால் தலைமைப் பாணர் முதலில் கடவுளைப் பற்றி ஒன்றும் அரசரைப் பற்றி ஒன்றும் பாடுவார். மூன்றாவதை அரசரின் படையைச் சேர்ந்த பாணர் பாட வேண்டும். அரசி தன் அறையில் கேட்க விரும்பினால், கூடத்தில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் தாழ்ந்த குரலில் பாட வேண்டும் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். யார் எப்போது பாடுவது, யாருக்காகக் குரலைத் தாழ்த்துவது என்பதும் பாணரின் தொழிலில் சேர்ந்ததாகவே இருந்திருக்கிறது. தெற்குப் பிரான்சின் ட்ரூபடோர்கள், அதாவது இடைக்காலக் கவிஞர்கள், இருவர் எதிரெதிராக வாதாடும் வழக்குப் பாட்டே பாடினார்கள். ஒருவர் ஒரு கேள்வியை வைத்து, இரண்டு பக்கங்களில் ஒன்றை எடுத்துக்கொள் என்பார். மற்றவர் எடுத்தது போக மிஞ்சிய பக்கத்துக்காக முதலாமவர் வாதாடுவார். எதிராளியின் யாப்பிலும் இயைபிலும்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் பாட்டைக் காது கொடுத்துக் கேட்காமல் இவரால் வாயே திறக்க முடியாது.

ஆகவே நான் கேட்பது இது. தனி மதிப்பெண்ணை எடுத்துவிட்டுக் குழுவுக்கு ஒரே மதிப்பெண் கொடுங்கள். குரல்கள் சரியான இடத்தில் நுழைவதும் நிறுத்துவதும், ஒருவர் தவறும்போது மற்றவர் தாங்குவது, துணைக்குரலின் உறுதி ஆகியவற்றுக்குப் பாதிக்கு மேல் ஒதுக்குங்கள். ஒவ்வொரு குழுவும் குறைந்தது ஒரு பாட்டையாவது சேர்ந்து பாட வேண்டும் என்பது விதியாகட்டும். இதுவரை முகாமில் பாடாத ஒருவரைச் சேர்க்கும் குழுவுக்குப் பரிசீலனையில் சலுகை தரலாமா என்று யோசியுங்கள். அதில் எனக்கே இன்னும் தீர்மானம் இல்லை, சலுகைக்காகவே யாரையாவது இழுத்து வந்து நிறுத்திவிடுவார்களோ என்ற தயக்கம் இருக்கிறது.

நடுவர் தம் சொந்தக் கூடாரத்தாருக்கு மதிப்பெண் போடக் கூடாது என்பதையும் எழுத்தில் வையுங்கள். மேடையைச் சமையல் கூடாரங்களுக்குப் பக்கத்தில் போடாதீர்கள், பாத்திரம் தேய்க்கும் சத்தத்தில் பாதம் எங்கே கேட்கும்?

கடைசியாக, விதிகளை முன்கூட்டியே சொல்லுங்கள். 1176இல் வேல்ஸின் கார்டிகன் கோட்டையில் அந்நாட்டுச் சிற்றரசர் ரீஸ் அப் கிரிஃபித் பாணர் போட்டி நடத்தினார். கவிஞர்களுக்கு ஒரு நாற்காலி, இசைக் கலைஞர்களுக்கு ஒரு நாற்காலி பரிசு. வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து எங்கும் ஓராண்டுக்கு முன்பே அறிவித்தார்கள் என்கிறது வேல்ஸ் நாட்டு வரலாற்றுக் குறிப்பு. சென்ற ஆண்டு உங்கள் விதிகள் எங்கள் கைக்கு வந்தது போட்டிக்கு முந்திய நாள் மாலை. ஐந்து பேர் ஐந்து ஊர்களிலிருந்து வருகிறோம். சேர்ந்து பாடப் பழக மாதங்கள் வேண்டும்.

பனிக்காலம் முடிவதற்குள் அறிவித்தால் போதும். புதிய தாளை எழுத ஆள் தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுங்கள், இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறேன். எங்கள் குழுவில் மீண்டும் ஐந்து பேர் இருப்போம். பாதம் பாட அந்தப் பெண்ணைக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்புடன்,
உங்கள் தீ வட்டத்தில் பாடும் ஒருவர்