போனில் சொல்ல வராதது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி "சுகர் வந்திருச்சுப்பா, மூணு மாச சராசரி, அந்த ஹெச்.பி.ஏ.ஒன்.சி., எட்டே முக்கால் சதவீதம்" என்று நீ சொன்னாய். சாப்பாடு, நடை, மாத்திரை என்று வழக்கமானதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் தூக்கமே வரவில்லை. சுகர் தாம்பத்தியத்தை என்ன செய்யும் என்ற முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது. வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு மருமகளிடமும் கொடு. உன் அம்மா இதைப் படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் தபாலில் போடுகிறேன்.

2007-இல், நீ பிளஸ் டூ எழுதிய வருஷம், எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நெஞ்சு வலித்து நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எதற்காகப் போனேன் என்பதை உனக்கோ உன் அக்காவுக்கோ இதுவரை சொன்னதில்லை.

எனக்குச் சுகர் தெரிந்தது 41 வயதில். 45-இல், நீ ஒன்பதாவது படிக்கும்போது, விறைப்பு சரியாக வராமல் போனது. மதுரை சிம்மக்கல்லில் மருந்துக்கடையைப் பூட்டி வீடு வர ராத்திரி பதினொன்று ஆகும். அலுப்பு என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் அது அலுப்பு இல்லை என்று புரிந்துவிட்டது. காற்றோட்டமாக இருக்கிறது என்று சொல்லி மொட்டை மாடியில் பாயைப் போட்டேன். உன் அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் மேல் எனக்குப் பிரியம் போய்விட்டது என்று அவள் நினைத்திருக்கிறாள். நாலு வருஷம் அப்படி நினைத்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

மருந்துக்கடை வைத்திருந்தவனுக்கு இது தெரியாதா என்று நீ கேட்கலாம். தெரியும். ஆனால் ஊரில் எனக்குப் பழக்கமான டாக்டர்கள் எல்லாரும் என் கடைக்குச் சீட்டு அனுப்புகிறவர்கள். அவர்களிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு கூச்சம். கடைசியில் மாதம் ஒருமுறை வந்து லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிற ஒருவரிடம் போனேன். ஆறாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு லேகியம் கொடுத்தார். லேகியம் என்றால் வெல்லப்பாகும் தேனும்தானே. இரண்டு மாதத்தில் என் சுகர் 340-க்குப் போய்விட்டது. இது மாதிரிப் பொடிகளிலும் லேகியங்களிலும் விறைப்புக்கான இங்கிலீஷ் மாத்திரையையே சொல்லாமல் கலந்து விற்றதும் பல நாட்டுச் சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. நீ அந்தப் பக்கமே போகாதே.

340-ஐப் பார்த்துவிட்டு என் டாக்டர் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அழுகை வந்துவிட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே மாத்திரை எழுதவில்லை. இ.சி.ஜி., டிரெட்மில் எடுக்கச் சொன்னார். படி ஏறும்போது மூச்சு வாங்குவதை நான் வயசு என்று விட்டிருந்தேன். ஆஞ்சியோவில் அடைப்பு தெரிந்தது.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். சுகர் வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் ரத்தக்குழாயின் உள்பூச்சு கெடும், நரம்பும் கெடும். விறைப்பு என்பது நரம்பு சொல்லி ரத்தம் வந்து நிறைவது. அங்கே போகிற குழாய் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான். இதயத்துக்குப் போவது மூன்று, நாலு மில்லிமீட்டர். அதனால் சின்னக் குழாய் முதலில் திணறுகிறது, பெரிய குழாயின் கோளாறு சில வருஷம் கழித்துத்தான் வெளியே தெரிகிறது. என் உடம்பு நாலு வருஷம் முன்னாலேயே சொல்லியிருக்கிறது, தம்பி. அதை நான் வெட்கம் என்று மூடி வைத்தேன்.

2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வில் நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சுகர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 31 வருஷம் கடையில் நின்றேன். ஆனால் விறைப்புக் கோளாறைப் பற்றி வாய்விட்டுக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் கடை அடைக்கிற நேரத்துக்கு வந்து, பெண்கள் யாராவது நின்றால் அவர்கள் போகும்வரை தள்ளி நிற்பார்கள். ஒருநாள் ஒருவர் விறைப்புக்கான மாத்திரையைக் கேட்டார். அவர் கையிலிருந்த சீட்டிலேயே நாக்குக்கு அடியில் வைக்கிற நெஞ்சுவலி மாத்திரையும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து. அவரை உட்கார வைத்துச் சொல்லி அனுப்பினேன். டாக்டர் உடம்பைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் அது நல்ல மருந்துதான், எனக்கும் பிறகு உதவியது. நீயாகக் கடையில் வாங்கிப் போடாதே. பிரஷர் மாத்திரை சிலவும் விறைப்பைக் கெடுக்கும். அதற்காக நீயாக நிறுத்தவும் கூடாது, டாக்டரிடம் கேட்டால் மாற்றித் தருவார்.

சரி, இனி பெண்கள் பக்கம். இதில் நான் செய்த தப்பு இன்னும் பெரிது. அம்மாவுக்கும் சுகர் வந்து, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிற டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை கொடுத்தார்கள். நல்ல மாத்திரை, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் காப்பு. ஆனால் அந்தரங்க இடத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம், ஆண்களுக்கும்தான். எட்டு மாதம் அரிப்பும் எரிச்சலுமாகத் தவித்திருக்கிறாள். மஞ்சள் தண்ணீரில் கழுவிச் சமாளித்திருக்கிறாள். அந்த மாத்திரையை என் கையால் எடுத்துக் கொடுத்தவன் நான், ஒருநாள்கூட "ஏதும் தொந்தரவு இருக்கா?" என்று கேட்கவில்லை. பூஞ்சைக்கு ஒரு வாரம் மருந்து போட்டதும் சரியானது.

சுகர் இருக்கிற பெண்களுக்கு அங்கே வறட்சி வரும், சேரும்போது வலிக்கும், நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வரும், ஆசையும் குறையும். மனச்சோர்வும் சேர்ந்துகொண்டால் இன்னும் கஷ்டம். வலி என்று சொன்னால் புருஷன் கோபப்படுவான் என்று பொறுத்துக்கொள்கிறவர்களே அதிகம். வறட்சிக்கு ஜெல் இருக்கிறது, தொற்றுக்கு மருந்து இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

பாப்பா வயிற்றில் இருந்தபோது மருமகளுக்கு வந்த சுகர் பிரசவத்தோடு போய்விட்டது என்று எல்லாரும் மறந்துவிட்டோம். அப்படி வந்தவர்களுக்குப் பின்னால் சுகர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. இந்த வாரமே மருமகளுக்கும் ரத்தம் பார். இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைத்தால் அதற்கு முன்னாலேயே சுகர் கட்டுக்குள் வர வேண்டும். குழந்தையின் உறுப்புகள் முதல் சில வாரத்திலேயே உருவாகிவிடும். உன் பக்கமும் ஒன்று உண்டு: நரம்பு கெட்டால் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடலாம். குறைவாக வந்தாலோ, வராமலே போனாலோ டாக்டரிடம் சொல்.

நரம்பு என்றதும் இன்னொன்று. போன சித்திரையில் மத்தியானம் கோயிலில் ஆடி வீதிக் கல்லில் வெறுங்காலோடு நடந்தேன். பாதத்தில் கொப்புளம் வந்ததே எனக்குத் தெரியவில்லை, அம்மா பார்த்துத்தான் சொன்னாள். தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பார். வருஷம் ஒருமுறை கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம் இரண்டும் பார்த்துவிடு.

உனக்கு இப்போதுதான் ஆரம்பம், நடையும் எடைக்குறைப்பும் நிறையத் திருப்பித் தரும். சிகரெட் இருந்தால் விட்டுவிடு. டாக்டரிடம் போகும்போது மருமகளையும் கூட்டிக்கொண்டு போ. அவர் கேட்காவிட்டாலும் தாம்பத்தியத்தைப் பற்றி நீ கேள். ஆசையே குறைந்திருந்தால் காலை ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனைப் பார்க்கச் சொல்வார், வெட்கப்படாதே. உனக்கு இன்றைக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றால் சந்தோஷம். ஏதாவது வந்தால் முதலில் அவளிடம் சொல். மொட்டை மாடிக்குப் போகாதே.

நானும் அம்மாவும் இப்போது தினமும் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி மூன்று சுற்று நடக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவள் மருமகளுக்குப் போன் போடுகிறாளாம், இதெல்லாம் பேச. அந்த நேரம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நீ வெளியே போய்வா.

அன்புடன்,
அப்பா