படிப்பகத்து உறைகிணற்றுக்கு உங்கள் பங்கு வேண்டும்

வணக்கம். போன மாதம் நம் பல்லாவரம் தெருப் படிப்பகத்தில், பழைய காலத்தில் முன்னேறிய நாகரிகம் எது என்று பிள்ளைகளிடம் கேட்டோம். முக்கால்வாசிப் பேர் பிரமிடு என்றார்கள். ஒருத்தன் மட்டும் "சார், கக்கூஸ் கட்டினவங்கதான்" என்றான், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் குழு அவன் கட்சி.

கார்டன் சைல்ட் என்ற தொல்லியல் அறிஞர் 1950-ல் நாகரிகத்துக்கு நகரம், எழுத்து, வரி, பெரிய கட்டடம் என்று பத்து அடையாளங்களைச் சொன்னார். சரி, ஆனால் இன்கா மக்கள் எழுத்து இல்லாமலே கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்து ஆண்டிஸ் மலை நெடுக ஒரு பேரரசை நடத்தினார்களே, அவர்களை எங்கே வைப்பது? மொகஞ்சதாரோவில் இதுதான் அரண்மனை என்று அடித்துச் சொல்ல ஒரு கட்டடமும் கிடைக்கவில்லை, ஆனால் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் தெருவில் மூடிய சாக்கடைக்குப் போக 4,000 வருடங்களுக்கு முன்பே வழி இருந்தது. (நம் தெரு ஐப்பசி மழையில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.) கீழடியில் சுடுமண் உறைகளை அடுக்கிய கிணறு, பானை ஓட்டில் ஆதன் என்று கீறிய பெயர். ராஜாவா தன் பானையில் பெயர் கீறிக்கொண்டிருப்பார்?

சாதாரண ஜனங்கள் வாழ்ந்த விதத்தில்தான் நாகரிகம் தெரியும் என்பது எங்கள் கட்சி. அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்று படிப்பக முற்றத்தில், மொட்டைமாடி மழைநீர் இறங்குகிற மாதிரி, நிஜமான உறைகிணறு ஒன்று போடுகிறோம். மேலே நான்கு உறைகள் சுடுமண்ணில், குயவரிடம் சொல்லிச் செய்வது. கீழே சிமென்ட் உறைதான், 15 அடிக்கும் சுடுமண் என்றால் நம் பணம் தாங்காது. பக்கத்துச் சுவரில் இன்கா, மொகஞ்சதாரோ, கீழடிப் படங்களும், பிள்ளைகள் அவிழ்த்துக் கட்டிப் பார்க்க முடிச்சுக் கயிறுகளும் இருக்கும். அப்புறம், 1863-ல் இதே பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் கண்டெடுத்த பழைய கற்காலக் கற்கருவிக்கும் ஒரு படம். அது நாகரிகக் கணக்கில் வராது, இருந்தாலும் நம்ம ஊர் ஆயிற்றே, விட மனசில்லை.

மொத்தச் செலவு 85,000 ரூபாய். 31,000 சேர்ந்துவிட்டது, இன்னும் 54,000 வேண்டும். 200 ரூபாய் ஆனாலும் சரி. மாலை 6 மணிக்கு மேல் படிப்பகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், ஜிபே அட்டையும் மேசையிலேயே இருக்கிறது, வரவு செலவு வாராவாரம் பலகையில் எழுதுவோம். பணம் தர முடியாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் அள்ள வாருங்கள். புரட்டாசி முடிவதற்குள் உறை இறக்கியாக வேண்டும், மழை பிடித்துவிட்டால் குழி தோண்ட ஆள் வரமாட்டார்கள்.

— படிப்பகக் குழு