வந்தவாசியில் லாலி வென்றிருந்தால்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் என்பவரிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலி அன்று வென்றிருந்தால், இந்தியாவைப் பிரெஞ்சுக்காரர்களே ஆண்டிருப்பார்கள் என்ற கற்பனையை விரித்துரைக்கும் கட்டுரையைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். இத்தகைய கற்பனை வரலாறு வீண் வேலை என்று நான் கருதவில்லை. எதை மாற்றினால் முடிவு மாறியிருக்கும் என்று தேடுபவருக்கு, நடந்தது ஏன் அப்படி நடந்தது என்பதும் விளங்கும். ஆனால் கட்டுரையாளர் மாற்றிப் பார்த்திருப்பது, போரின் முடிவைத் தீர்மானிக்காத ஒன்றை. வந்தவாசிக்காரனே இப்படிச் சொல்வது எங்கள் ஊராருக்கு உவப்பாக இராது என்பதையும் அறிவேன்.

லாலியைத் தோற்கடித்தது முதலில் பணமுடை. 1758 ஏப்ரல் இறுதியில் புதுச்சேரியில் வந்திறங்கிய அவர், ஜூன் தொடக்கத்திலேயே கடலூரை அடுத்த புனித தாவீது கோட்டையைப் பிடித்துவிட்டார். அந்த வேகத்தில் சென்னை மீது பாய்ந்திருக்க வேண்டியவர், கையில் காசில்லாமலும், கடற்படைத் தலைவர் தஷே உடன்வர மறுத்ததாலும், பழைய கடன் பத்திரம் ஒன்றைக் காட்டித் தஞ்சை மன்னரிடம் பணம் வசூலிக்கப் படையோடு போய், நினைத்தது நடக்காமல் திரும்பினார். ஆண்டிறுதியில் தொடங்கிய சென்னை முற்றுகையும், 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் முடிந்துபோயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் சம்பளப் பாக்கிக்காக அவருடைய ஐரோப்பியச் சிப்பாய்களே கலகம் செய்தார்கள். ஆங்கிலேயருக்கோ பிளாசிப் போர் வெற்றிக்குப் பிறகு வங்காளத்தின் வருவாய் இருந்தது. மசூலிப்பட்டினத்தைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்ததும் கிளைவ் வங்காளத்திலிருந்து அனுப்பிய படைதான். வந்தவாசியில் வென்றிருந்தால் லாலிக்கு ஒரு கோட்டை கிடைத்திருக்கும். சம்பளப் பாக்கி அப்படியேதான் இருந்திருக்கும்.

பணத்தைவிடப் பெரிய காரணம் கடல். சோழமண்டலக் கரையில் அன்று சென்னைக்கோ புதுச்சேரிக்கோ கடலூருக்கோ பாதுகாப்பான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, ஆள்களையும் சரக்கையும் அலைகளைக் கடக்கும் மசூலா என்ற சிறு படகுகளில்தான் கரை சேர்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் போர்க்கப்பல்கள் இக்கரையில் நிற்க முடியாது. அப்போது ஆங்கிலேயருக்குப் பழுது பார்க்கப் பம்பாய் இருந்தது. பிரெஞ்சுக்காரருக்கு இந்தியப் பெருங்கடலின் மறுகோடியிலுள்ள மொரீஷியஸை விட்டால் வேறு புகலிடம் இல்லை. 1759 செப்டம்பரில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் போகாக்குடன் மோதிய தஷே, கொஞ்சம் பணத்தையும் ஆள்களையும் புதுச்சேரியில் இறக்கிவிட்டு மொரீஷியஸுக்குச் சென்றவர் திரும்பி வரவேயில்லை.

இதனால் நேர்ந்ததை 1761 ஜனவரி 1 அன்று புதுச்சேரி கண்டது. அன்று வீசிய புயலில், நகரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் சில மூழ்கின, சில கரையில் மோதி உடைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பசியில் வாடிய நகருக்குக் கடல்வழி சில நாள்கள் திறந்திருந்தது. அரிசியோடு படகுகளை உடனே அனுப்புமாறு லாலி பழவேற்காட்டுக்கு எழுதினார். அந்த வழியைப் பயன்படுத்தப் பிரெஞ்சுக் கொடியோடு ஒரு போர்க்கப்பல்கூட அருகில் இல்லை. எஞ்சிய ஆங்கிலக் கப்பல்கள் மீண்டும் வந்து வளைத்துக்கொள்ள, ஜனவரி 16 அன்று நகரம் அவர்கள் வசமாயிற்று.

பிரெஞ்சுச் சென்னை என்பது முற்றிலும் கற்பனையுமன்று. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லாபுர்தொனே கைப்பற்றிய சென்னை, ஏறத்தாழ மூன்றாண்டுகள் பிரெஞ்சுக்காரர் வசமே இருந்தது. ஆங்கிலேயரோடு செய்த 1748 சமாதான உடன்படிக்கையில், வட அமெரிக்காவின் கேப் பிரெட்டன் தீவிலிருந்த லூயிபர்க் கோட்டையைத் திரும்பப் பெறுவதற்காகப் பிரான்ஸ் அதை விட்டுக்கொடுத்தது. 1763 சமாதான உடன்படிக்கையில் சர்க்கரை விளையும் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளை மீட்டுக்கொண்டு கனடாவையே கைவிட்ட பிரெஞ்சு அரசு, வந்தவாசியில் வென்ற நிலத்தை மட்டும் பேரம் பேசாமல் வைத்துக்கொண்டிருக்கும் என்று நம்பக் கட்டுரையாளர் காரணம் எதுவும் காட்டவில்லை. நாமெல்லாம் இன்று பிரெஞ்சு பேசிக்கொண்டிருப்போம் என்ற வரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் தெருக்களில் மக்கள் பேசியது தமிழ்தான்.

கட்டுரையாளர் இக்கற்பனையைத் தொடர விரும்பினால், வந்தவாசிப் போர்க்களத்தை விட்டுவிட்டு 1760ஆம் ஆண்டு மொரீஷியஸிலிருந்து தொடங்கட்டும். ஆங்கிலேயர் அத்தீவையே தாக்கக்கூடும் என்ற அச்சத்தை ஒதுக்கி, தஷே பணத்தோடும் அரிசியோடும் அவ்வாண்டு தென்மேற்குப் பருவக்காற்றில் புறப்பட்டிருந்தால் புதுச்சேரி தாக்குப் பிடித்திருக்குமா என்ற கேள்வியை அவர் எடுத்துக்கொண்டால், அக்கட்டுரையை ஆவலோடு படிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வந்தவாசி