மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர் தமிழில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் இதழில் மழைக்காலக் காய்ச்சல் பற்றிய கட்டுரை சரியான நேரத்தில் வந்தது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும், வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தது நல்ல அறிவுரை. அதைப் படித்துவிட்டு எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்புக்கு வந்த ஒருவர், "டோலோ வீட்ல இருக்கு, அது வேணாம். பேப்பர்ல போட்டிருந்த பாரசிட்டமால் குடுங்க" என்று கேட்டார். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று பொறுமையாக விளக்கி அனுப்பினார். மாலை நேரக் கூட்டத்தில் எல்லாக் கடைகளிலும் அப்படி விளக்க ஆள் இருப்பதில்லை.

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கம்பெனி வைத்த பெயரை மட்டும் தெரிந்துகொண்டு மருந்து சாப்பிடுவதால் வரும் ஆபத்தை வேலைக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

டோலோ, க்ரோசின், கால்பால் எல்லாவற்றிலும் இருப்பது பாரசிட்டமால் என்று பலருக்கு இப்போது தெரியும். அதே பாரசிட்டமால் சளி மாத்திரைகளிலும் மூட்டுவலி மாத்திரைகளிலும் கலந்திருப்பது தெரிவதில்லை. காய்ச்சலுக்கு டோலோ 650 மூன்று வேளை, மூக்கடைப்புக்கு சினரெஸ்ட் மூன்று வேளை, முழங்கால் வலிக்கு ஏற்கெனவே சாப்பிட்டு வரும் ஜீரோடால்-பி இரண்டு வேளை என்று ஒருவர் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். பாரசிட்டமால் மட்டும் 1950, 1500, 650 என்று சேர்ந்து 4100 மில்லிகிராம் ஆகிவிடும். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4000 மில்லிகிராம். மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் உடல் எடை மிகக் குறைந்தவர்களுக்கும் அந்த வரம்பு இன்னும் கீழே. மூன்று நோய்க்கு மூன்று மாத்திரை என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

பாரசிட்டமால் அளவு மீறினால் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குமட்டல் இருக்கலாம், அதுவும் இல்லாமல் போகலாம். கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து உண்டு. அதை முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன் கிடைக்கும். கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டோம் என்ற சந்தேகம் வந்தால், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையோடு டெங்குவும் வரும். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். அந்த நேரத்தில் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். சரி, இபுப்ரோஃபென் வேண்டாம் என்று சொன்னால் மக்கள் தலையாட்டுவார்கள். ஆனால் வீட்டிலுள்ள காம்பிஃப்ளாமில் பாரசிட்டமாலோடு 400 மில்லிகிராம் இபுப்ரோஃபென் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஜீரோடால்-பி-யில் 'பி' என்பது பாரசிட்டமாலைக் குறிக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெஃப்டால்-பி-யிலோ பாரசிட்டமாலே கிடையாது. அதில் இருப்பது மெஃபனமிக் ஆசிட், அதுவும் டெங்குவில் தவிர்க்க வேண்டியதே. இதய நோய்க்காக எக்கோஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அது ஆஸ்பிரின்தான் என்று தெரிந்துவைத்திருந்து, காய்ச்சல் வந்த அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாங்களாக அதை நிறுத்திவிடவும் கூடாது.

குழந்தை மருந்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரே கம்பெனிப் பெயரில் பாரசிட்டமால் சிரப்பும் கிடைக்கும், சொட்டு மருந்தும் கிடைக்கும். சிரப் என்றால் பொதுவாக 5 மில்லியில் 125 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். சொட்டு மருந்திலோ 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். 125 சிரப்பைக் கொடுத்துப் பழகிய பாட்டி அதே 5 மில்லி மூடியில் சொட்டு மருந்தை ஊற்றிக் கொடுத்தால் குழந்தைக்கு நான்கு மடங்கு மருந்து போய்விடும்.

2025 பிப்ரவரியில் தமிழக அரசு 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் அதற்கு முன்பே இருக்கின்றன. இரண்டையும் மனமார வரவேற்கிறேன். விலை குறைகிறது என்பதற்காகத் தரத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே வாங்கும் சர்க்கரை மாத்திரை அட்டையில் மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு என்று உள்ளே இருக்கும் மருந்தின் பொதுப் பெயர் இருக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் அட்டையில் கிளைகோமெட் ஜிபி என்று இருக்கும். இரண்டிலும் இருப்பது ஒன்றே என்று தெரியாத முதியவர், புது மாத்திரை வேறு, பழைய மாத்திரை வேறு என்று இரண்டையும் சாப்பிட்டால் கிளிமெபிரைடு இரட்டிப்பாகி ராத்திரியில் சுகர் இறங்கி மயங்கி விழலாம். தனியாக வாழும் முதியவர்கள் பெருகிவிட்ட இந்த ஊரில் அதை யார் பார்ப்பார்கள்?

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் டைலனாலுக்கும் இது பொருந்தும். அதில் அசிட்டமினோஃபென் என்று போட்டிருக்கும். அதுவும் பாரசிட்டமால்தான்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. மருந்தின் பொதுப் பெயரைக் கம்பெனிப் பெயரைவிட இரண்டு அளவாவது பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்ற விதி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் கலந்த மாத்திரைகளுக்கு அதில் விலக்கு உண்டு. சளி மாத்திரைகள் பெரும்பாலும் அந்த வகைதான். எங்கே குழப்பம் அதிகமோ அங்கேயே விதி விலகி நிற்பது எனக்குப் புரியவில்லை. 2023 ஆகஸ்டிலிருந்து 300 பிரபல மருந்துகளின் உறையில் க்யூஆர் குறியீடு கட்டாயமாகியிருக்கிறது. பொதுப் பெயரும் காலாவதி தேதியும் அதில் கிடைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் நாலு மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கும் கடைகளில், பெயரும் தேதியும் குறியீடும் மீதி அட்டையோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன.

ஒன்றுபோல ஒலிக்கும் மருந்துப் பெயர்களின் ஆபத்தை உச்ச நீதிமன்றமே 2001-ல் ஃபால்சிகோ, ஃபால்சிடாப் வழக்கில் சுட்டிக்காட்டியது. இரண்டும் மலேரியா மருந்துகள். ஒன்றில் ஆர்ட்டிசுனேட், மற்றதில் மெஃப்ளோகுயின். மற்றப் பொருள்களில் ஏற்படும் பெயர்க் குழப்பத்தைவிட மருந்தில் ஏற்படும் குழப்பத்தைக் கடுமையாகப் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். தமிழ்நாட்டில் விற்கும் மருந்துகளின் அட்டையில், எத்தனை மருந்து கலந்திருந்தாலும், அத்தனை பெயர்களும் தமிழிலும் இருக்க வேண்டும். அது வரும்வரை முதல்வர் மருந்தகங்கள் வழிகாட்டலாம். மாத்திரை போட்டுத் தரும் கவரில் மருந்தின் பெயர், எதற்கு, எத்தனை வேளை என்று தமிழில் எழுதித் தரட்டும். தனியார் கடைகளிடம் வாடிக்கையாளர்களாகிய நாமும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். மருத்துவரைப் பார்க்கும்போது சீட்டோடு வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துப்போய்க் காட்டுவது நல்லது.

உங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாரசிட்டமால் என்று எழுதும்போது, அது எந்தெந்தப் பெயர்களில் கடைகளில் கிடைக்கிறது, எந்தக் கலவை மாத்திரைகளில் ஒளிந்திருக்கிறது என்று பக்கத்திலேயே ஒரு சிறு கட்டத்தில் போடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு மருந்துகளுக்கும் வாரம் ஒன்றாக வெளியிடலாம். அந்தப் பட்டியலைச் சரிபார்த்துத் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
பெரம்பூர், சென்னை - 11